20 வாட் கிளாஸ் ஏ போதுமா, 150 வாட் வேண்டுமா? இன்டகிரேட்டட் ஆம்ப் வாங்க யோசனை தேவை

கோவை_வீணை:
வணக்கம் நண்பர்களே. பத்து வருடமாக டிவி, சினிமாவுக்கான ஒரு ஏவி ரிசீவரில்தான் பாட்டுக் கேட்டு வந்தேன். போன வருடம் கெஃப் ஆர்3 ஸ்பீக்கர் வாங்கிய பிறகுதான் அந்த ரிசீவர் எவ்வளவு விஷயத்தை விழுங்கிவிடுகிறது என்று தெரிந்தது. இனி மாற்ற வேண்டியதே இல்லை என்கிற மாதிரி ஒரு இன்டகிரேட்டட் ஆம்ப் (வால்யூம் கட்டுப்பாடும் பவரும் ஒரே பெட்டியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர்) வாங்க ஆசை, மூன்று வருடமாகச் சேர்த்த பணம். இரண்டில் வந்து நிற்கிறேன். ஒன்று லக்ஸ்மேன் எல்-550ஏஎக்ஸ் மார்க் 2, கிளாஸ் ஏ (பாட்டு ஓடாதபோதும் முழு கரண்ட் இழுக்கும் வகை), 8 ஓமில் 20 வாட். பயன்படுத்தியது ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இன்னொன்று ஹெகல் எச்190, 150 வாட், டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் டிஏசி உள்ளேயே இருக்கிறது. அறை 12-க்கு 14 அடி, கிரானைட் தரை, நான் உட்காருவது ஸ்பீக்கரிலிருந்து 10 அடி. வீணை, நாதஸ்வரம், பழைய திரைப்பாட்டு, பெரும்பாலும் பிள்ளைகள் தூங்கிய பிறகு. லக்ஸ்மேனைக் கேட்டதிலிருந்து மனம் அதிலேயே இருக்கிறது, ஆனால் 20 வாட் என்றதும் பயமாக இருக்கிறது. தவில் வரும்போது திணறுமா?

மாடி_அறை:
வாட்டை அப்படியே ஒப்பிடாதீர்கள். 20-க்கும் 150-க்கும் நடுவே ஏழரை மடங்கு இருந்தாலும் டெசிபலில் அது 9-கூட இல்லை, காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்றவே சுமார் 10 டெசிபல் வேண்டும். உங்கள் ஆர்3-இன் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளிக் கேட்கும் சத்தம், 87 டெசிபல். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து, 10 அடி தள்ளி, சுவர் எதிரொலியையும் கணக்கில் எடுத்தால் ஒரு வாட்டுக்கு உங்கள் நாற்காலியில் ஏறக்குறைய 84 கிடைக்கும். 20 வாட்டுக்கு 97. இன்று இரவு வழக்கமாக வைக்கும் சத்தத்தில் பாட்டைப் போட்டு, போனில் ஒரு டெசிபல் ஆப் வைத்து அளந்து எழுதுங்கள், அதற்கு மேல் பேசலாம். இன்னொன்று, ஆர்3-இன் இம்பிடன்ஸ், அதாவது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு, சில அலைவரிசையில் 3.2 ஓம் வரை இறங்கும், அப்போது ஆம்ப் கூடுதல் கரண்ட் தர வேண்டும். லக்ஸ்மேன் 4 ஓமில் 40 வாட் தருகிறது, அதாவது சரியாக இரண்டு மடங்கு. அந்த இறக்கத்தில் கை விடாது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

நெல்லை_ஸ்பூல்:
தம்பி, "பயன்படுத்தியது" என்று எழுதியதைப் பார்த்ததும் பதறிவிட்டது. பணம் கொடுக்கும் முன் பின்பக்கம் பவர் கார்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று போட்டோ வாங்குங்கள். நான் ஒரு ஜப்பான் ஆம்பை அவசரப்பட்டு வாங்கி, வீட்டில் வந்து அட்டைப்பெட்டியைப் பிரித்து திருப்பிப் பார்த்தால் 100 வோல்ட். விற்றவர் வாயே திறக்கவில்லை. நம் 230-இல் நேராகச் செருகியிருந்தால் அன்றே போயிருக்கும். அப்புறம் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைத்தேன், அது ராத்திரி பத்து மணிக்கு மேல் தெரு அடங்கியதும் ம்ம்ம் என்று உறுமும், தம்புரா சுருதிக்கு அடியில் இன்னொரு சுருதி. ஆறு மாதம் பொறுத்து நஷ்டத்துக்கு விற்றேன். 230 என்று இல்லாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கோவை_வீணை:
அண்ணா, ரொம்ப நன்றி, இப்போதே போட்டோ கேட்டிருக்கிறேன். நேற்று இரவு அளந்தேன். பெரும்பாலும் 68, 70. தவில் தனி வந்த இடத்தில் 85 வரை ஒரு நொடி எட்டியது. ஆம்பை டிவி ஸ்டாண்டுக்குள் வைக்கலாம் என்று இருக்கிறேன், முன்னால் கண்ணாடிக் கதவு உண்டு.

மாடி_அறை:
அப்படியானால் சராசரியில் நீங்கள் பயன்படுத்துவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. போன் ஆப் சட்டென வரும் அடியைப் பிடிக்காது, தவிலின் உண்மையான உச்சம் 90-ஐத் தாண்டும் என்றே வைத்தாலும் நாலைந்து வாட், மிஞ்சிப்போனால் பத்து. உங்களுக்கு லக்ஸ்மேன் போதும். சத்தம் குறைவாக வைக்கும்போது காதுக்கு பேஸ் முதலில் மங்கும், அதற்கு லக்ஸ்மேனில் பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் இருக்கின்றன, ஹெகலில் இல்லை. டிஏசி தனியாக வாங்கிக்கொள்ளலாம், பிறகு மாற்றுவதும் சுலபம்.

ஆனால் அந்தக் கண்ணாடிக் கதவு வேண்டவே வேண்டாம். கிளாஸ் ஏ பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே மாதிரி கரண்ட் இழுத்துச் சூடாகும். மேல்மூடியில் கை வைத்தால் சீக்கிரம் எடுத்துவிடுவீர்கள். திறந்த ஸ்டாண்டில், தலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள், கேட்காதபோது அணைத்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் அந்த அறையில் மின்விசிறி மட்டும்தான் என்றால் ஹெகலை மறுபடியும் யோசியுங்கள், இது ஒன்றுதான் என் தயக்கம்.

முடிந்தால் இரண்டையும் வீட்டிலேயே கேளுங்கள். மல்டிமீட்டரை ஸ்பீக்கர் டெர்மினலில் வைத்து, 60 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு இரண்டிலும் வோல்டேஜ் ஒன்றாக வரும்படி வால்யூமை வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மீட்டர் அந்த அலைவரிசையில் நம்பும்படி காட்டும். இல்லையென்றால் கொஞ்சம் சத்தம் கூடுதலாக இருப்பதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

கோவை_வீணை:
போட்டோ வந்துவிட்டது அண்ணா, 230 என்றுதான் போட்டிருக்கிறது. அறையில் ஏசி உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவர் ஆம்பை எடுத்து வருகிறார், ஹெகலுக்கு டீலரிடம் கேட்டிருக்கிறேன். நண்பரிடம் மீட்டர் வாங்கி வைத்துவிட்டேன். கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.