குதிரைக்கு மயக்கம் கொடுத்ததை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வில்லியனூர் கால்நடை மருத்துவர்:
எங்கள் பக்கம் கறவை மாடும் வெள்ளாடும் நாயும்தான் அன்றாடப் பிழைப்பு. குதிரை அத்தி பூத்தாற்போல் வரும். ஆனாலும் மேற்படிப்பின்போது பார்த்த ஒரு காயடிப்பு இன்னும் நினைவில் நிற்கிறது. மட்டக்குதிரை, மூச்சோடு உள்ளே போகும் ஆவியான ஹாலோத்தேனில் மயக்கம். நெற்றித் தோலுக்கடியில் மெல்லிய ஊசி ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று, பிடரியில் ஒன்று என்று குத்தி, மூளையின் மின்னலைகளைத் திரையில் ஓடவிட்டிருந்தார்கள். தோலைக் கீறியபோது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. விந்து நாணை இடுக்கி நசுக்கியதுதான் தாமதம், அகலமாகச் சோம்பிப் போய்க்கொண்டிருந்த அலைகள் சிறுத்து, நெருங்கி, விறுவிறுவென்று ஓடத் தொடங்கின. குதிரையோ குளம்பைக்கூட அசைக்கவில்லை. நாடித் துடிப்பும் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

பிறகு ஐசோஃப்ளூரேன் என்ற இன்னோர் ஆவி மருந்தில் பார்த்தேன். அது வேறு கதை. அளவு கூடக் கூடக் கோடு தட்டையாகிவிடுகிறது, திடீரென்று ஒரு கொத்து அலை எழுந்து அடங்குகிறது, மறுபடியும் தட்டை. செவோஃப்ளூரேனும் இதே குணம்தான். வலி தரும் தூண்டலுக்குப் பாதிக்குப் பாதி குதிரைகள் அசையாமல் கிடக்கத் தேவையான அளவைத்தான் நாங்கள் அளவுகோலாக வைத்திருக்கிறோம். ஹாலோத்தேனுக்கு அது சுமார் 0.9 சதவீதம், ஐசோஃப்ளூரேனுக்கு 1.3, செவோஃப்ளூரேனுக்கு 2.3. இந்தக் கணக்கில் மூன்றும் சமம். திரையைப் பார்த்தால் சமமே இல்லை. ஹாலோத்தேன் மூளையின் மின்னலையைக் குறைவாகவே அமுக்குகிறது. மயக்கத்தில் கிடக்கும் விலங்கின் மூளையை வலி எப்படி எட்டுகிறது என்று ஆராய்கிறவர்கள் அந்தப் பழைய மருந்தைத் தேடிப் பிடிப்பது இதனால்தான்.

கடலூர் முதுநகர் குதிரைக்காரர்:
டாக்டரம்மா, படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. என் பெண் குதிரைக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றிக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனோம். கண்ணாடி வழியே பார்க்க விட்டார்கள். மல்லாக்கப் போட்டு, நான்கு காலையும் மேலே கட்டி, வாய் வழியாக என் கை மணிக்கட்டுப் பருமனுக்கு ஒரு குழாய். பாதியில் அவளுடைய கண் ஓரத்திலிருந்து நீர் வழிந்து கன்னத்து மயிர் நனைந்ததைப் பார்த்தேன். கருவிழியும் இப்படியும் அப்படியுமாக ஆடியது. அழுகிறாள் என்றே நினைத்தேன். மயக்கம் கொடுத்த தம்பி உடனே ஒரு ஊசியைச் சிரையில் ஏற்றினார். சற்று நேரத்தில் ஆட்டம் நின்றது. அவளுக்கு அப்போது வலித்ததா இல்லையா என்று இன்றுவரை யாரும் எனக்கு நேராகப் பதில் சொல்லவில்லை.

அறுவையைவிட அதற்குப் பிறகுதான் எங்கள் உயிர் போனது. சுவரெல்லாம் மெத்தை தைத்த அறை, தலைக்கயிறு ஒன்று, வாலில் ஒன்று. எழுந்தாள், முன்னங்கால் மடங்கி விழுந்தாள், மறுபடியும் எழுந்தாள். ஊசி போட்டால் தூங்கிவிட்டு எழுந்திருக்கப் போகிறது, அதற்கு ஏன் இத்தனை செலவு என்று கேட்ட உறவினர்களை அந்த அறை வாசலில் நிறுத்தியிருக்க வேண்டும்.

புதுச்சேரி மயக்கவியல் தொழில்நுட்பர்:
எங்களிடம் வருவது மனிதர்கள் மட்டும். நெற்றியில் ஒரு பட்டை ஒட்டினால் பிஸ் கருவி மூளையலையைக் கணக்கிட்டு, மயக்கம் எவ்வளவு ஆழம் என்று 0 முதல் 100 வரை ஓர் எண் காட்டும். 40-க்கும் 60-க்கும் நடுவில் வைத்துக்கொள்வோம். அதையே குதிரைக்கு ஒட்டிவிட்டால் முதுநகர் அண்ணனின் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடாதா?

வில்லியனூர் கால்நடை மருத்துவர்:
ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள் தம்பி. எண் வரும், நம்ப முடியாது. அந்தக் கணக்கு மனித மூளையலைகளை வைத்துப் போட்டது. குதிரையின் நெற்றி எலும்புக்குப் பின்னால் காற்று நிறைந்த பெரிய அறைகள் வேறு இருக்கின்றன. ஆகவே கண்ணையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துத்தான் ஓட்டுகிறோம்.

அண்ணா, கண்ணீரும் வேகமாக ஆடும் விழியும் மயக்கம் இலேசாகிறது என்பதற்கான அடையாளம். அந்தத் தம்பி சரியாகத்தான் செய்திருக்கிறார். வலி உணரப்பட்டதா என்பது வேறு கேள்வி. உடல் அசையாமல் இருப்பது பெரும்பாலும் தண்டுவடத்தின் வேலை. 1993-இல் கலிஃபோர்னியாவில் ஆடுகளின் இரத்த ஓட்டத்தைப் பிரித்து, தலைக்கு மட்டும் ஐசோஃப்ளூரேன் போகும்படி செய்து பார்த்தார்கள். உடல் முழுவதும் மருந்து போனால் 1.2 சதவீதத்தில் அடங்கிய ஆடு, மூளைக்கு மட்டும் போனபோது ஏறத்தாழ 2.9 கேட்டது. ஆக, அசையவில்லை என்பதை வைத்து மூளைக்குத் தீர்ப்பு எழுத முடியாது. அவளுக்கு வலிக்கவில்லை என்று நானும் உங்களுக்குச் சத்தியம் செய்து தர மாட்டேன்.

அப்படியானால் ஆவியைத் திருகிக் கூட்ட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் வம்பு. கூட்டினால் இரத்த அழுத்தம் சரியும். சராசரி அழுத்தம் 70-க்குக் கீழே வெகுநேரம் கிடந்தால், அரை டன் எடையில் நசுங்கும் தசைகளுக்கு இரத்தம் போகாது. எழும்போது கால் நிற்காது. 2002-இல் வெளிவந்த ஆய்வில் 41,824 குதிரைகளைக் கணக்கெடுத்ததில், மயக்கத்துக்குப் பின் ஏழு நாளுக்குள் இறந்தவை 1.9 சதவீதம். குடல்வலிக் குதிரைகளைக் கழித்தாலும் 0.9. மனிதர்களுக்கு இப்படியிருந்தால் மருத்துவமனையையே இழுத்து மூடியிருப்பார்கள். ஹாலோத்தேனையும் ஐசோஃப்ளூரேனையும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளில் ஒப்பிட்டதில் மொத்தச் சாவில் வேறுபாடில்லை. இதயம் நின்றுபோவது மட்டும் ஐசோஃப்ளூரேனில் குறைவு.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். ஆவியை மிதமாக வைத்துவிட்டு, வலியை வழியிலேயே மறிப்பது. காயடிக்கும்போது விதைக்குள்ளேயே மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஊசியைப் போட்டுச் சில நிமிடம் காத்திருந்தால், நாணை நசுக்கும்போது உடல் துள்ளுவது வெகுவாகக் குறைகிறது. தென்னந்தோப்பில் ஆவி இல்லாமல் சைலசின், கீட்டமின் என்ற மயக்க ஊசிகளை மட்டும் போட்டுக் காயடிக்கும்போதும் இதைச் செய்யலாம். உங்கள் ஊருக்கு வரும் மருத்துவரிடம் கேளுங்கள் அண்ணா. அந்தப் புட்டி எல்லோருடைய பையிலும் இருக்கும்.