மோதலில் உங்கள் ஸ்டீயரிங்கில் முதலில் போனது எது?

புழுதிக்காரன்

ரிமோட் காரில் முன்சக்கரங்களைத் திருப்புவது சர்வோ என்ற சிறு மோட்டார் பெட்டி. அதை அடியிலிருந்து காக்கும் ஸ்பிரிங் இணைப்பான சர்வோ சேவர் வேண்டுமா வேண்டாமா என்ற பழைய சண்டையைக் கிளப்ப இதைத் தொடங்கவில்லை. ஒரு சத்தம் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதைச் சொல்லித் தீர்க்க வேண்டும்.

நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1/10 அளவு ஆஃப் ரோடு கார், கைமாறி வந்தது. முந்தைய உரிமையாளர் சேவரைக் கழற்றிவிட்டு நீல நிற அலுமினிய ஹார்னை (சர்வோ தண்டில் மாட்டும் கை) நேரடியாகச் சர்வோவில் முடுக்கியிருந்தார். பார்க்க அழகுதான். ரிமோட் அக்கா மகன் கையில் இருந்தது. முழு வேகத்தில் போய், இடது முன்சக்கரம் மட்டும் வாகன நிறுத்தத்தின் கான்கிரீட் விளிம்பில் அடித்தது. கார் கவிழ்ந்து முதுகில் கிடக்கிறது. நிமிர்த்தினால் ஒரு கீறல்கூட இல்லை. ரிமோட்டைத் திருப்பினால் உள்ளே "விர்ர்" என்று சர்வோ மோட்டார் ஓடுகிறது, சக்கரம் அசையவில்லை. "மாமா, மோட்டார் ஓடுகிறதே, ஏன் திரும்பவில்லை?" என்று அவன் திரும்பத் திரும்பத் திருப்பிப் பார்க்கிறான். விர்ர். விர்ர்.

திறந்தபோது நடுப் பற்சக்கரத்தில் ஒரு பக்கத்துப் பற்களே இல்லை. வெள்ளைத் துகள்கள் உள்ளங்கையில் கொட்டின. உங்களுக்கு எது போனது?

எஃகுப்பல்

பிளாஸ்டிக் பல் வைத்தால் கொட்டத்தான் செய்யும். உலோகப் பல் சர்வோ இன்று எல்லா விலையிலும் கிடைக்கிறது. என்னுடையதில் பல் ஒன்றுகூடப் போனதில்லை.

போனது வேறு. தடுப்புப் பலகையில் நேராக மோதியதில், சர்வோவைச் சேசிஸில் திருகும் காதுகள் இரண்டும் உடைந்துவிட்டன. சர்வோ ஒயரில் தொங்கிக்கொண்டு, ரிமோட் சொன்னபடி இடமும் வலமும் ஒழுங்காகத் திரும்பிக்கொண்டிருந்தது! பக்கத்தில் நின்றவர்கள் சிரித்ததைச் சொல்லி மாளாது. ஆனாலும் அந்தப் பற்களை இன்றும் குறை சொல்லமாட்டேன்.

பெல்கிராங்க்

எஃகுப்பல் தம்பி, உங்கள் கதையே உங்களுக்கு எதிரான சாட்சி. பல் தாங்கியது, அடி அடுத்த இடத்துக்குப் போனது, அவ்வளவுதான். சக்கரத்தில் விழும் அடி நக்கிள் (சக்கரம் மாட்டியிருக்கும், திரும்பும் பாகம்), டர்ன்பக்கிள் (நக்கிளை இழுத்துத் திருப்பும் கம்பி), பெல்கிராங்க் (அந்தக் கம்பியைத் தள்ளும் நெம்புகோல்), ஹார்ன் என்று வரிசையாகச் சர்வோவுக்குள் ஏறுகிறது. மோட்டாருக்கும் ஹார்னுக்கும் இடையே பெரிய வேகக் குறைப்பு இருப்பதால், அந்த அடியின் வேகத்துக்கு மோட்டாரால் பின்னோக்கிச் சுழல முடியாது. நடுவில் சிக்கியது நசுங்கும். வழியில் எங்காவது ஸ்பிரிங் இருந்து விட்டுக்கொடுக்க வேண்டும். சேவர் என்பது அதுதான்.

என் 1/8 காரில் ஒருமுறை டர்ன்பக்கிள் முனையின் உருண்டை மூட்டான பால் கப் கழன்றதோடு சரி. அழுத்தி மாட்டிக்கொண்டு மறுபடி ஓட்டினேன்.

புழுதிக்காரன் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 1/8 கார்களில் சேவர் பெல்கிராங்கின் தூணிலேயே இருக்கும். V வடிவப் பள்ளத்தில் உட்காரும் இரண்டு பாகங்கள், மேலே ஸ்பிரிங், அதை அழுத்தும் நட். இந்த நட்டை இறுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தளர்ந்தால் வளைவில் கார் திரும்பாமல் வெளியே ஓடும், மையத்துக்குத் திரும்பி வராது. உடனே சர்வோவுக்குச் சக்தி போதவில்லை என்று புதிது வாங்கப் போவார்கள். அடிவரை இறுக்கிவிட்டால் சேவர் இருந்தும் இல்லாததுதான். சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு முன்சக்கரத்தைக் கையால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஹார்ன் அசைவதற்கு முன் சேவர் திறக்க வேண்டும். நின்ற இடத்தில் ரிமோட்டைத் திருப்பும்போது சக்கரம் திரும்பாமல் சேவர் மட்டும் திறந்தால் கால் சுற்று இறுக்குங்கள்.

1/10 கார்களில் பெரும்பாலும் சர்வோவின் மேலேயே மாட்டும் வகை. கிட்டோடு வருகிற மெல்லிய பிளாஸ்டிக் சேவர் வலுவான சர்வோவுக்குப் போதாது, கொழகொழவென்று இருக்கும். டமியா கம்பெனியின் ஹை டார்க் சேவரை நெடுநாளாகப் பலரும் மாட்டுகிறார்கள். எஃகு வளையங்கள் சுற்றிப் பிடித்திருக்கும், அடி பலமாக இருந்தால் மட்டும் விரியும். வாங்கும் முன் சர்வோ தண்டின் பல்லை எண்ணுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஃபுடாபா வகைக்கு 25, சான்வா, கேஓ வகைக்கு 23, ஹைடெக்குக்கு 24.

பனித்தடம்

பெல்கிராங்க் அண்ணா, சேவர் எல்லாவற்றையும் காக்கும் என்பதுபோல எழுதுகிறீர்கள். டொராண்டோவில் ஒரு குளிர்காலம் ஓட்டிப் பாருங்கள். குளிரில் பிளாஸ்டிக் வளையும் குணத்தை இழந்துவிடுகிறது. கோடையில் சுவரில் மோதியும் தப்பிய முன்பாகம், சனவரியில் உறைந்த பனிக்கட்டி ஒன்றில் உரசியதற்கே விரிசல் விட்டது. நக்கிளைத் தாங்கும் சி ஹப் இரண்டாகப் பிளந்து, சக்கரம் நக்கிளோடு தனியே உருண்டு போனது. நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், அது சாவகாசமாக வாகனங்களுக்கு இடையே உருண்டு, ஒரு பனிக்குவியலில் போய்ச் சாய்ந்தது. சக்கரம் கிடைத்தது. டிரைவ் ஷாஃப்டின் ஊசியைப் பனிக்குள் தோண்டித் தேடியும் கிடைக்கவில்லை. சேவர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? சும்மா இருந்தது. சக்கரம் பின்னோக்கி அடிபட்டால் அது சர்வோவரை வருவதே இல்லை.

அகலமான முன்பம்பர் போட்ட பிறகு, சக்கரத்துக்கு முன் பம்பர் படுகிறது. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

எஃகுப்பல்

அப்படியானால் அலுமினிய சி ஹப் போடுங்களேன்.

பனித்தடம்

போட்டவரைத் தெரியும். சி ஹப் நன்றாக இருக்கிறது. அடுத்த மோதலில் அதைச் சேசிஸோடு இணைக்கும் கீழ்க்கை உடைந்தது. அதையும் அலுமினியமாக்கினார், சேசிஸ் முன்முனை வளைந்தது. சி ஹப் விலை என்ன, சேசிஸ் விலை என்ன?

மலர்

மோதிய கணத்தில் போனதைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறீர்கள். என் மகனுடைய காரில் மோதல் முடிந்து, ஓடி, எல்லாம் சரி என்று நினைத்த பிறகு போனது.

ஒரு பக்க டர்ன்பக்கிள் லேசாக வளைந்திருக்கிறது. வளைந்ததால் நீளம் குறைந்து, கார் ஒரு பக்கம் இழுத்தது. பையன் ரிமோட்டில் ஸ்டீயரிங்கின் நடுநிலையை நகர்த்தும் ட்ரிம்மைத் திருப்பி நேராக்கிக்கொண்டு ஓட்டியிருக்கிறான். மையம் நகர்ந்ததால் வலது கோடியில் ஸ்டீயரிங் முட்டி நின்ற பிறகும் சர்வோ தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் வந்தபோது "ம்ம்" என்று ஒரு முனகல். அப்புறம் அந்த வாடை! தொட்டுப் பார்த்தேன், விரலை வைக்க முடியவில்லை. பல் எல்லாம் பத்திரம், மோட்டார் கருகிவிட்டது.

பெல்கிராங்க்

மலர் அம்மா சொன்னது முக்கியம். மோதிய பின் கார் இழுத்தால் ட்ரிம்மில் கை வைக்கக் கூடாது. டர்ன்பக்கிளைக் கழற்றி மேசையில் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் குதிக்கும். அடுத்து எண்ட் பாயிண்ட், அதாவது ஒவ்வொரு பக்கமும் சர்வோ திரும்பும் எல்லை. சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, சக்கரம் நின்ற பிறகும் சர்வோ முனகினால் அந்தப் பக்கத்து எண்ட் பாயிண்டைக் குறையுங்கள். முனகல் நிற்கும் இடம்தான் அளவு. ரிமோட்டில் அந்த வசதி இல்லை என்றால் மொத்தத் திருப்பத்தையே குறைக்கும் டூயல் ரேட் குமிழையாவது குறையுங்கள். இன்னொன்று, சர்வோவைத் தாங்கும் தூண்களின் திருகையும் பாருங்கள், அது தளர்ந்திருந்தாலும் கார் நேராகப் போகாது. மேலும்…

எஃகுப்பல்

அண்ணா, தனித் தலைப்பாகவே தொடங்கிவிடுங்கள்.

புழுதிக்காரன்

சேவர் வாங்கிவிட்டேன். அலுமினிய ஹார்ன் மேசை அறைக்குள் போய்விட்டது. பிளாஸ்டிக் பல் தொகுதியும் மாற்றியாயிற்று. ஆனால் கடையில் எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் 25 பல் இணைப்பான் மட்டும்தான் இருக்கிறது, என் சர்வோவுக்கு 23. யாரிடமாவது 23 பல் இணைப்பான் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், கோவைக்குள் எங்கே என்றாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அக்கா மகன் சனிக்கிழமை வருகிறான்.