சிஐஎஸ்எஸ்பி: நெட்வொர்க்கில் 85, ரிஸ்க்கில் 55. எங்கே இடிக்கிறது?

பேக்கெட்_பாண்டி:
வணக்கம். சென்னையில் ஒரு கம்பெனியில் ஃபயர்வால், விபிஎன் வேலை பார்க்கிறேன். ஏழு வருட அனுபவம். அடுத்த மாதம் சிஐஎஸ்எஸ்பி (ஐஎஸ்சி2 அமைப்பு தரும் தகவல் பாதுகாப்புச் சான்றிதழ்) தேர்வுக்குப் பதிந்திருக்கிறேன். கட்டணம் 749 டாலரும் கைக்காசு, கம்பெனி தரவில்லை. அதனால் பயம் கொஞ்சம் கூடுதல்.

மாதிரித் தேர்வுகளில் நெட்வொர்க் டொமைன் (பாடப் பிரிவு) 85க்குக் கீழே இறங்குவதில்லை. ரிஸ்க் மேலாண்மையிலும் அசெட் பாதுகாப்பிலும் 55ஐத் தாண்டவே முடியவில்லை. பாடம் புரியாமல் இல்லை, படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. விடையைப் பார்க்கும்போதுதான் சண்டை போடத் தோன்றுகிறது. நான் மாட்டிய நான்கை என் வார்த்தையில் சொல்கிறேன்.

முதலாவது: நிதித்துறைக்குப் புது மென்பொருள் வருகிறது. அதில் உள்ள தகவல் எவ்வளவு ரகசியமானது என்று வகைப்படுத்துவது யார்? நான் பாதுகாப்புக் குழு என்றேன். விடை, நிதித்துறைத் தலைவர்.

இரண்டாவது: சர்வர் அறையின் மதிப்பு 20 லட்சம். வெள்ளம் வந்தால் 40 சதவீதம் சேதம், பத்து வருடத்துக்கு ஒரு முறை வரலாம். தடுப்பு ஏற்பாட்டுக்கு வருடம் 1.2 லட்சம். என்ன பரிந்துரைப்பீர்கள்? நான் போடலாம் என்றேன். விடை, வேண்டாம்.

மூன்றாவது: மின்சாரம் போனால் டேட்டா சென்டர் கதவின் மின்பூட்டு திறந்துகொள்ள வேண்டுமா, பூட்டிக்கொள்ள வேண்டுமா? நான் பூட்டு என்றேன். விடை, திற.

நான்காவது: ரகசியத் தகவல் இருந்த எஸ்எஸ்டி டிரைவ்களை எப்படி அழிப்பது? நான் தூளாக்கு என்றேன். விடை, டீகாஸ்.

தேர்வைத் தள்ளிப்போடலாமா, இல்லை போய் எழுதிவிடலாமா?

கடைசி_பெஞ்ச்:
நான்காவதைப் பார்த்ததும் சந்தேகம் வருகிறது. இந்தக் கேள்விகள் எங்கிருந்து கிடைத்தன? அதில் மொத்தம் எத்தனை டொமைன் என்று போட்டிருக்கிறது?

பேக்கெட்_பாண்டி:
டெலிகிராமில் ஒரு குழுவில் கொடுத்தார்கள், பிடிஎஃப். "தேர்வில் வந்த அசல் கேள்விகள்" என்று தலைப்பு. 10 டொமைன் என்று இருக்கிறது. முன்பக்கத்தில் 250 கேள்வி, 6 மணி நேரம் என்றும் இருக்கிறது.

கடைசி_பெஞ்ச்:
உங்கள் பிரச்சினையில் பாதி அந்த பிடிஎஃப்தான். 10 டொமைன் 2015லேயே 8 ஆகிவிட்டது. 250 கேள்வி, 6 மணி நேரம் என்பது ஆங்கிலத் தேர்வுக்கு 2017 டிசம்பரோடு முடிந்த கதை. இப்போது நடப்பது 2024 ஏப்ரலில் வந்த வடிவம்: 100 முதல் 150 கேள்வி, 3 மணி நேரம். டீகாஸ் செய்வது காந்தப் புலத்தால் அழிப்பது. ஹார்ட் டிஸ்க், டேப் இரண்டுக்கும் சரி. எஸ்எஸ்டியில் தகவல் காந்தத்தில் இல்லையே, அப்புறம் எதை அழிக்கும்? தூளாக்கு என்ற உங்கள் விடைதான் சரி. தப்பான விடையைப் பார்த்து உங்கள் சரியான விடையைத் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. நிஜமாகவே அசல் கேள்விகளாக இருந்தால் அது இன்னும் மோசம். தேர்வுக்கு உட்கார்ந்ததும் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். திருட்டுக் கேள்விகளோடு மாட்டினால் வாங்கிய சான்றிதழே போகும். நெறிமுறையையும் சேர்த்துச் சோதிக்கிற தேர்வுக்கு இப்படித் தயாராவது நன்றாகவா இருக்கிறது? அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். டீகாஸ் தேவைப்படாது.

ஆடிட்_அக்கா:
கடைசி பெஞ்ச் சொன்னது சரி. ஆனால் பாண்டி தம்பி, பிடிஎஃபை அழித்தாலும் முதல் மூன்று கேள்விகள் அப்படியே நிற்கும். அந்த மூன்றின் விடையும் சரியானதே. மூன்றிலும் நீங்கள் ஒரே இடத்தில்தான் சறுக்கியிருக்கிறீர்கள்: முடிவை உங்கள் கையில் எடுத்துக்கொள்கிறீர்கள். ஃபயர்வால் முன்னால் ஏழு வருடம் உட்கார்ந்தால் அந்தப் பழக்கம் வரத்தான் செய்யும்.

முதல் கேள்வியில் தகவல் யாருடையது? நிதித்துறையுடையது. அது வெளியே போனால் எவ்வளவு நஷ்டம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அதனால் வகைப்படுத்துவது உரிமையாளரான துறைத்தலைவர். அவர் சொன்ன அளவுக்குப் பேக்கப் எடுப்பதும் அனுமதி அமைப்பதும் பராமரிப்பாளர் வேலை. அதைத்தான் நீங்கள் தினமும் செய்கிறீர்கள். கேள்வியில் "யார் பொறுப்பு" என்று வந்தால் முதலில் உரிமையாளரைத் தேடுங்கள்.

இரண்டாவதற்குப் பேனா வேண்டும். 20 லட்சத்தில் 40 சதவீதம் 8 லட்சம். அது ஒரு முறை நடந்தால் ஆகும் நஷ்டம். பத்து வருடத்துக்கு ஒரு முறை என்பதால் 0.1 ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 80,000 ரூபாய். தடுப்பு ஏற்பாடு வெள்ள நஷ்டத்தை முழுக்க இல்லாமல் செய்தாலும் உங்களுக்கு மிச்சம் 80,000தான். அதற்கு 1.2 லட்சம் கொடுப்பீர்களா? ரிஸ்க்கை ஏற்றுக்கொள்ளலாம், இன்ஷூரன்ஸ் எடுத்து மாற்றிவிடலாம், மலிவான வழி தேடலாம். அதே தடுப்புக்கு வருடம் 50,000 என்று கேள்வியில் இருந்தால் விடை மாறியிருக்கும். பொறியாளருக்கு ஓட்டை என்றால் அடைத்தாக வேண்டும். இந்தத் தேர்வில் அடைப்பதற்கு ஆகும் செலவையும் கேட்ட பிறகுதான் பேச்சு.

மூன்றாவதில் உள்ளே ஆள் இருப்பதை மறந்துவிட்டீர்கள். தீப்பிடித்து மின்சாரம் போனால் பூட்டிய அறைக்குள் ஒருவர் மாட்டிக்கொள்வார். ஐஎஸ்சி2வின் நான்கு நெறிகளில் சமூகத்தையும் பொது நலனையும் காப்பது முதலில் வருகிறது. நாம் யாருக்கு வேலை செய்கிறோமோ அவருக்கு ஒழுங்காகச் சேவை செய்வது மூன்றாவதாகத்தான் வருகிறது. ஒன்றுக்கொன்று முட்டினால் மேலே இருப்பதற்கே முதலிடம். மனித உயிர் ஒரு விடையில் இருந்தால் மற்ற மூன்றையும் ஒரு தடவை சந்தேகத்தோடு பாருங்கள்.

லாக்_பார்ப்பவன்:
அக்கா சொன்னதோடு ஒரு சின்ன மறுப்பு. "மேனேஜர் மாதிரி யோசி" என்று எல்லா இடத்திலும் மந்திரம் போலச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதை நம்பி எந்தக் கேள்விக்கும் "கொள்கையை மறுபரிசீலனை செய்" என்று டிக் அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐபிசெக்கில் (நெட்வொர்க்கில் போகும் தகவலைக் காக்கும் நெறிமுறைத் தொகுப்பு) ஏஎச் (தகவல் மாறவில்லை, யார் அனுப்பியது என்று உறுதிசெய்யும் பகுதி) மட்டும் போட்டால் தகவல் மறைக்கப்படுமா என்று கேட்டால் அதற்கு மேனேஜர் எதற்கு? மறைக்காது, அதற்கு மறையாக்கம் செய்யும் பகுதியான ஈஎஸ்பி வேண்டும். பத்துப் பேர் ஒவ்வொருவரும் மற்றவரோடு தனித்தனியாகச் சமச்சீர் சாவியில் (பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி) பேச எத்தனை சாவி? பத்தை ஒன்பதால் பெருக்கி இரண்டால் வகுத்தால் 45. பெல்-லபடூலா என்ற அணுகல் விதி மாதிரியில் மேல்மட்டத்தைப் படிக்கக் கூடாது, கீழ்மட்டத்தில் எழுதக் கூடாது. பிபா என்ற மாதிரியில் அப்படியே தலைகீழ், ஏனென்றால் முதலாவது ரகசியம் காக்கிறது, இரண்டாவது தகவலின் நம்பகம் காக்கிறது. இவையெல்லாம் தெரிந்தால் தெரியும், இல்லையென்றால் இல்லை.

ஆடிட்_அக்கா:
ஒத்துக்கொள்கிறேன். "முதலில் என்ன", "மிகச் சிறந்தது எது" என்று கேட்டால் மட்டும் நான் சொன்ன வழி. நான்கு விடையும் சரியாகத் தெரியும், ஒன்று மற்ற மூன்றுக்கும் முன்னால் நடக்க வேண்டியதாக இருக்கும். உதாரணமாக, தொழில் தொடர்ச்சித் திட்டம் தொடங்க வேண்டும் என்றால் பேக்கப், மாற்று இடம் எல்லாம் பின்னால். எந்த வேலை எவ்வளவு நேரம் நின்றால் கம்பெனி தாங்கும் என்ற பாதிப்பு ஆய்வு அதற்கு முன்னால். மேல்மட்ட ஒப்புதல் ஒரு விடையாக இருந்தால் அது ஆய்வுக்கும் முன்னால். விடைகளை மாற்றினால் "முதல்" என்பதும் மாறும்.

பேக்கெட்_பாண்டி:
அக்கா, இப்போதுதான் எங்கே மோதுகிறேன் என்று தெரிகிறது. இரண்டாவது கேள்வியில் நான் கணக்கே போடவில்லை, வெள்ளம் என்றதும் சுவர் கட்டக் கிளம்பிவிட்டேன். தேர்வு அறை பற்றியும் சொல்லுங்கள். 100 கேள்வியிலேயே தேர்வு நின்றுவிட்டால் ஃபெயில் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார்.

லாக்_பார்ப்பவன்:
அப்படி இல்லை. உங்கள் திறமை தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்று கணினிக்கு உறுதியாகத் தெரிந்ததும் நிறுத்திவிடும். 100லேயே நின்று பாஸ் ஆனவர்களும் உண்டு, ஃபெயில் ஆனவர்களும் உண்டு. நீங்கள் விடை சொல்லச் சொல்ல அதற்கேற்பக் கேள்வி கடினமாகும், அதனால் நன்றாக எழுதுபவருக்கும் எல்லாம் தப்பாகப் போவது போலவே தோன்றும். 25 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது, எவை என்று தெரியாது. விளங்காத கேள்வி வந்தால் அது அந்த 25ல் ஒன்று என்று நினைத்து நகருங்கள். திரும்பிப் போய் மாற்ற முடியாது, அதுதான் முக்கியம். 150 வரை போகும் என்று வைத்தால் 180 நிமிடத்தில் கேள்விக்கு 72 நொடி. 100 கூட முடியாமல் நேரம் தீர்ந்தால் நேராக ஃபெயில்.

கடைசி_பெஞ்ச்:
தள்ளிப்போடுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. தேதி மாற்ற 50 டாலர். ஃபெயில் ஆனால் மறுபடி 749, முதல் தடவைக்குப் பிறகு 30 நாள் காத்திருப்பும் உண்டு. ஆடிட் அக்கா கணக்கையே போடுங்கள்: 50 என்பது 749ல் சுமார் 7 சதவீதம். தள்ளிப்போடுவதால் ஃபெயில் ஆகும் வாய்ப்பு அதைவிடக் கூடுதலாகக் குறையும் என்று தோன்றினால் தள்ளிப்போடுங்கள். 55ல் நிற்கும் டொமைன்கள் இரண்டு. அதில் ரிஸ்க் மட்டுமே தேர்வில் 16 சதவீதம், எட்டிலும் பெரியது அதுதான். என் ஓட்டு தள்ளிப்போடுவதற்கு. ஆனால் முதலில் ஒழுங்கான மாதிரித் தேர்வு ஒன்று எழுதிப் பாருங்கள், அந்த 55ஐ நம்ப முடியாது.

பேக்கெட்_பாண்டி:
பிடிஎஃப் போய்விட்டது. நேற்று 2024 பாடத்திட்டத்துக்கான வேறு கேள்வித் தொகுப்பில் ரிஸ்க் மட்டும் எழுதினேன், 68 வந்தது. மூன்று வாரம் தள்ளிப்போட்டுவிட்டேன். அப்புறம் பதிவில் என் பெயர் "கே. பாண்டி" என்று இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. பிரச்சினையா?

ஆடிட்_அக்கா:
பெரிய பிரச்சினை, இன்றைக்கே சரிசெய்யுங்கள். பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியல் வைத்திருக்கும் நம் ஆட்கள் வாசலில் மாட்டுவது இங்கேதான். தேர்வு மையம் நடத்தும் பியர்சன் வியூ கணக்கில் அல்ல, ஐஎஸ்சி2 கணக்கில் மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள், முடியாவிட்டால் அவர்களுக்கே எழுதுங்கள். இரண்டு அடையாளம் வேண்டும்: ஒன்றில் புகைப்படமும் கையெழுத்தும் இருக்கணும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது. இன்னொன்றில் கையெழுத்தாவது இருக்கணும். பாஸ்போர்ட்டும், பின்னால் கையெழுத்துப் போட்ட வங்கி அட்டையும் எடுத்துப் போங்கள். அட்டையில் "கே பாண்டி" என்று இருந்தால் அதையும் இந்த மூன்று வாரத்துக்குள் பார்த்துக்கொள்ளுங்கள்.