100 மெகாபிட் இணைப்பில் 12 மட்டும் வருவது ஏன்?

கேள்வி:
வீட்டில் 100 மெகாபிட் வேகத் திட்டம் வைத்திருக்கிறேன். ஆனால் கோப்புகளைப் பதிவிறக்கும்போது கணினி நொடிக்கு 12 மெகாபைட் என்றே காட்டுகிறது, பதிவேற்றமோ அதில் பத்தில் ஒரு பங்குதான். இணைப்பில் குறை உள்ளதா?

மறுமொழி 1:
பதிவிறக்கத்தில் குறையில்லை, ஐயா. நிறுவனங்கள் வேகத்தைப் பிட்டில் சொல்கின்றன, கணினி பைட்டில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட்தான்.

மறுமொழி 2:
பதிவேற்றம் இணைப்பின் வகையைப் பொறுத்தது. கேபிள் டிவி கம்பி வழியே வரும் இணைப்பில் அலைவரிசையின் பெரும்பகுதி பதிவிறக்கத்துக்கே ஒதுக்கப்பட்டு, அதன் கீழ்முனையில் உள்ள குறுகிய பட்டைதான் பதிவேற்றத்துக்குக் கிடைக்கிறது. காணொளி அழைப்பில் நம் படம் எதிர்முனையில் திணறுவது பெரும்பாலும் இதனால்தான். ஒளியிழைக்கு மாறுவதானால், இருபுறமும் ஒரே வேகம் தரும் திட்டமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
கேபிள் இணைப்புதான். வைஃபையை விட்டு லேன் கம்பியில் அளந்தபோதும் பதிவேற்றம் 9 மெகாபிட்டைத் தாண்டவில்லை. மிக்க நன்றி.