அட்டிக் சூடு தாங்கல, மேல ஃபேன் மாட்டினா சரியாகுமா?

கூரைவாசி:
சரிவு கூரை வீடு. சீலிங்குக்கு மேல இருக்கற அட்டிக்ல மத்தியானம் தலைய விட முடியல, அவ்ளோ அனல், ராத்திரியும் மாடி ரூம் சீலிங்க தொட்டா சுடுது. முகட்டுல நீளமா ரிட்ஜ் வென்ட் (சூடான காத்து வெளிய போற திறப்பு) இருக்கு, ஆனா காத்து போற மாதிரியே தெரியல. கரன்ட்ல ஓடற எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு மாட்டிடுங்கன்னு சொல்றாங்க. இன்னொண்ணு, குளிர் காலத்துல கூரைப் பலகைல நீட்டிட்டு இருக்கற ஆணி நுனியெல்லாம் தண்ணி கோத்துக்கிட்டு நிக்குது, இப்ப துரு. ரெண்டும் ஒரே பிரச்சனையா?

ஸ்பேனர்:
ஃபேன அப்புறம் பாத்துக்கலாம் பாஸ். மேல வழி இருக்கு சரி, கீழ காத்து உள்ள வர வழி இருக்கா? சூடான காத்து முகட்டு வழியா வெளிய போகணும்னா அதே அளவு காத்து சாஃபிட் வென்ட், அதாவது சுவருக்கு வெளிய நீட்டிட்டு இருக்கற கூரை ஓரத்தோட அடிப்பக்க திறப்பு வழியா உள்ள வந்தாகணும். டார்ச் எடுத்துட்டு ஓரம் வரைக்கும் போய் பாருங்க, முக்கால்வாசி வீட்ல இன்சுலேஷன (சூடு தடுக்கற பஞ்சு) அங்க திணிச்சு அடைச்சு வச்சிருப்பாங்க. அத பின்னாடி தள்ளிட்டு, பலகைக்கு கீழ பேஃபிள் (பஞ்சு வழிய அடைக்காம தடுக்கற தகடு) வச்சு காத்துக்கு ஒரு சந்து விடணும்.

பொதுவா சொல்ற கணக்கு: அட்டிக் தரை 300 சதுர அடிக்கு 1 சதுர அடி திறப்பு, கீழ பாதி மேல பாதி. 900 சதுர அடின்னா மொத்தம் 3, அதாவது கீழ ஒன்றரை மேல ஒன்றரை. இது ஓட்டையோட சைஸ் இல்ல, வலை, தகடெல்லாம் மறைச்சது போக காத்து நிஜமா போற இடம். வலைல தூசி அடைஞ்சிருந்தா இன்னும் கம்மி.

நட்டுபோல்ட்டு:
ஃபேன் வேணவே வேணாங்க. ரிட்ஜ் வென்ட் இருக்கற கூரைல ஃபேன் மாட்டினா பக்கத்துல இருக்கற அந்த வென்ட் வழியாவே வெளிக்காத்த இழுத்து திரும்ப வெளிய தள்ளும், ஓரத்துல ஒண்ணும் அசையாது. கீழ வழி அடைச்சிருந்தா சீலிங் இடுக்கு, லைட் ஓட்டை வழியா உங்க ஏசி காத்தையே உறிஞ்சும். கேஸ் ஹீட்டர் வீட்டுக்குள்ள இருந்தா இன்னும் டேஞ்சர், அதோட புகை வெளிய போகாம உள்ளயே திரும்பலாம்.

ஆணில தண்ணி நிக்கறது வேற கதை, வீட்டு ஈரக் காத்து மேல ஏறுதுன்னு அர்த்தம். பாத்ரூம் எக்ஸாஸ்ட் பைப் எங்க போய் முடியுது?

கூரைவாசி:
போய் பாத்தேன். ரெண்டு பக்கமும் ஓரத்துல பஞ்சு ஃபுல்லா அடைச்சிருக்கு. பாத்ரூம் பைப் அட்டிக்குள்ளயே வாய பொளந்துட்டு கிடக்கு, அதுக்கு மேல பலகை கருப்பா இருக்கு 🤦 முதல்ல எத பண்றது?

நட்டுபோல்ட்டு:
பைப்ப. கூரை வழியாவோ சைடு சுவர் வழியாவோ நேரா வெளிய விடுங்க, சாஃபிட் கிட்ட விட்டா திரும்ப உள்ளயே வரும். பைப் மேல இன்சுலேஷன் சுத்துங்க, இல்லன்னா உள்ள தண்ணி கோத்து பாத்ரூம் ஃபேன் வழியா சொட்டும். அப்புறம் வயர் ஓட்டை, பைப் ஓட்டை, அட்டிக் கதவு ஓரம் எல்லாத்தையும் சீல் பண்ணிட்டு பேஃபிள். அந்த கருப்ப சும்மா தேய்க்காதீங்க, பூஞ்சையா இருந்தா பறக்கும், மாஸ்க் போட்டுக்கங்க.

ஸ்பேனர்:
ஒண்ணு விட்டுப்போச்சு, வென்ட் சரி பண்ணாலும் சீலிங் சூடு ஓரளவு தான் குறையும். கூரைப் பலகையோட அனல் நேரா கீழ அடிக்கும்ல, அத காத்தோட்டத்தால நிறுத்த முடியாது. இன்சுலேஷன் எவ்ளோ கனம் இருக்குன்னு அளந்து இங்க சொல்லுங்க, பாப்போம்.