பழுதான கைத்துப்பாக்கிக்கு வாரண்டி மட்டும் போதுமா?

வைகைக்கரை (டல்லாஸ்)

சென்ற ஆண்டு புதிதாக வாங்கிய 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி ஒன்று சுடுதளத்தில் தொடர்ந்து கோளாறு செய்கிறது. சுட்டதும் வெளியே விழ வேண்டிய காலி உறை, துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடின் வாயில் நெட்டுக்குத்தாகச் சிக்கி நிற்கிறது. சில நேரம் உறை குழலை விட்டே வராமல், அடுத்த தோட்டா அதன் முதுகில் போய் முட்டுகிறது. தோட்டாவை மாற்றிப் பார்த்தேன், தோட்டா அடுக்கும் மேகசினை மாற்றிப் பார்த்தேன். காவல்துறையில் பயிற்சி அளிக்கும் நண்பர் கையில் கொடுத்தபோதும் இதே நிலைதான். கழற்றி உருப்பெருக்கியில் பார்த்தால், உறையின் விளிம்பைப் பற்றி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் கீழ்மூலை பெயர்ந்திருக்கிறது. பெயர்ந்த இடம் மணல் மணலாகச் சாம்பல் நிறத்தில் தெரிகிறது.

வாழ்நாள் உத்தரவாதம் உண்டு என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தார்கள். கூரியர் செலவை அவர்களே ஏற்றார்கள், அனுப்பினேன். வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு துப்பாக்கி திரும்பி வந்தது. கூடவே ஒரு தாள்: பரிசோதிக்கப்பட்டது, நிர்ணய அளவுக்குள் இருக்கிறது. எந்தப் பாகத்தைப் பார்த்தார்கள், எதை மாற்றினார்கள் என்று ஒரு வரி இல்லை. பெயர்ந்த கொக்கி பெயர்ந்தபடியே இருக்கிறது. தொலைபேசியில் கேட்டால், மறுமுறை மருந்து நிரப்பிய தோட்டாவைப் பயன்படுத்தியிருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று தொடங்குகிறார்கள். நான் சுட்டது அத்தனையும் ஆலைத் தோட்டா. பெட்டிகளை எடுத்து வைத்திருக்கிறேன். கடிதப் போக்குவரத்து நடப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

என் நிலைப்பாடு இதுதான். உயிர் காக்க வாங்கும் கருவியில் குறை இருந்தால், அதை எழுத்தில் ஒப்புக்கொள்ளும் கடமை தயாரிப்பாளருக்கு வேண்டும். தேவைப்பட்டால் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் ஒரு பொது அமைப்புக்கு வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி அரசில் இன்று அந்த அதிகாரம் யாரிடமும் இல்லை. 1972இல் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தை உருவாக்கிய சட்டமே துப்பாக்கியை விலக்கி வைத்துவிட்டது. 2023 அக்டோபரில் அதே ஆணையம், கைரேகையால் திறக்கும் துப்பாக்கிப் பெட்டகங்கள் சுமார் 61,000ஐத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்த பிறகு வந்த அறிவிப்பு அது. பெட்டகத்தின் பூட்டு பழுதானால் கேட்க ஆள் இருக்கிறது. உள்ளே இருக்கும் துப்பாக்கி பழுதானால் இல்லை.

இரும்புப்பட்டறை (அரிசோனா)

வைகைக்கரை அவர்களே, துப்பாக்கி பழுது பார்ப்பதுதான் என் தொழில். நீங்கள் சொல்லும் மணல் மணலான முறிவைப் பார்த்திருக்கிறேன். உலோகத் தூளை அச்சில் செலுத்திச் சூளையில் இறுக்கிச் செய்யும் பாகங்கள் இன்று பல துப்பாக்கிகளில் இருக்கின்றன. சூடு சரியாகப் பிடிக்காத பாகம் அப்படித்தான் முறியும். அது மாற்றித் தர வேண்டிய பாகம். மாற்றாமல் அனுப்பியது தவறு, அதில் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

ஆனால் என் மேசைக்கு வரும் புகார்களில் பெரும்பகுதி தோட்டா, மேகசின், சுடுபவர் கைப்பிடியின் தளர்ச்சி ஆகிய மூன்றில் அடங்கிவிடும். நிறுவனத்தின் பழுதுப் பிரிவிலும் இதே கதைதான். அவர்கள் தோட்டாவைப் பற்றிக் கேட்பதில் வஞ்சகம் இல்லை.

அதைவிட முக்கியமானது, ஒரு கொக்கியிலிருந்து நேராகச் சட்டத்துக்குத் தாவுகிறீர்கள். யாரும் கட்டாயப்படுத்தாமலே நடந்தவற்றைப் பாருங்கள். ரூகர் நிறுவனத்தின் எஸ்ஆர்9 கைத்துப்பாக்கி, பாதுகாப்பு விசை போடாத நிலையில் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரிந்ததும், 2008இல் அவர்களே அறிவித்துத் திரும்பப் பெற்றார்கள். பாகங்களை இலவசமாக மாற்றி, ஒரு மேகசினும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1973க்கு முன் செய்த பழைய ரிவால்வர்களுக்கு இன்றும் இலவசமாகப் பாதுகாப்புப் பாகம் பொருத்தித் தருகிறார்கள். கழற்றிய பழைய பாகங்களையும் உரிமையாளருக்கே திருப்பி அனுப்புகிறார்கள். இத்தனைக்கும் அந்த நிறுவனம் எழுத்தில் வாரண்டி அட்டையே கொடுப்பதில்லை. நற்பெயரும் வழக்கு அச்சமும் செய்யும் வேலையை அதிகாரி செய்ய மாட்டார்.

சட்டவாசகி (நியூ ஜெர்சி)

இரும்புப்பட்டறை ஐயா, நல்ல நிறுவனம் நன்றாக நடந்துகொண்ட கதையைச் சொன்னீர்கள். சிக் சாவர் நிறுவனத்தின் பி320 கைத்துப்பாக்கியின் கதையையும் வைத்துப் பாருங்கள்.

2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் அந்த வகையைத் தன் புதிய கைத்துப்பாக்கியாகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டல்லாஸ் காவல்துறை பி320ஐ நிறுத்தி வைத்தது. அடுத்த சில நாட்களில் ஒமாஹாவைச் சேர்ந்த விற்பனையாளர் ஒருவர், குறிப்பிட்ட ஒரு சாய்வில் பின்புறம் தரையில் மோதும்படி போட்டால் அது வெடிக்கிறது என்று காணொளியில் காட்டினார். காரணம் மாயமில்லை. துப்பாக்கி தரையில் மோதி நின்றுவிடுகிறது, கனமான டிரிகர் மட்டும் தன் வேகத்தில் பின்னோக்கி ஓடுகிறது. விரலால் இழுத்ததற்கும் அதற்கும் உள்ளே இருக்கும் பாகங்களுக்கு வேறுபாடு தெரியாது. எடை குறைந்த டிரிகர் போட்டால் தீரும் குறை அது.

காணொளி வந்த மறுநாளே நிறுவனம் இலவச மேம்பாடு என்று அறிவித்தது. திரும்பப் பெறுகிறோம் என்று சொல்லவில்லை. விருப்பமுள்ளவர்கள் அனுப்பலாம் என்றது. ராணுவ வடிவிலும் சோதனையில் இதே குறை தென்பட்டதும், டிரிகர் பகுதியில் எடை குறைந்த பாகங்கள் போட்டுச் சரிசெய்ததும் பென்டகன் சோதனைப் பிரிவின் அறிக்கையில் இருக்கின்றன. அப்படியென்றால் கடையில் வாங்கி இடுப்பில் செருகியிருந்த சாதாரண மனிதருக்கு அதை வீடு தேடிச் சொல்லும் கடமை யாருடையது? இன்றும் பழைய டிரிகரோடு அலமாரியில் கிடக்கும் பி320கள் இருக்கும். இரண்டாவது, மூன்றாவது கைக்கு மாறியவற்றின் உரிமையாளர்களுக்கு அப்படி ஒரு மேம்பாடு இருப்பதே தெரிந்திருக்காது.

இரும்புப்பட்டறை (அரிசோனா)

சகோதரி, 2017இல் விழுந்து வெடித்த குறை உண்மை. மறுப்பவன் நானல்ல. ஆனால் அதற்குப் பிறகு பி320 தொட்டாலே வெடிக்கிறது என்று கிளம்பியவற்றை எல்லாம் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். 2025 ஜூலையில் வயோமிங்கில் உள்ள விமானப்படைத் தளத்தில் வீரர் ஒருவர் பி320இன் ராணுவ வடிவமான எம்18 துப்பாக்கிக் குண்டால் இறந்தார். உடனே அந்தத் தளம் அடங்கிய விமானப்படைப் பிரிவு முழுவதும் அந்தத் துப்பாக்கியை நிறுத்தி வைத்தது. அடுத்த மாதமே இன்னொரு வீரர் கைது செய்யப்பட்டார்; அவர் மீதான சந்தேகங்களில் பொய் வாக்குமூலமும் ஒன்று. துப்பாக்கிகளைச் சோதித்துவிட்டு மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நீங்கள் கேட்கும் அதிகாரி அந்த முதல் வாரத்தில் என்ன செய்திருப்பார்? பத்திரிகைச் செய்தியைப் பார்த்து நாடு முழுவதும் தடை போட்டிருப்பார்.

வைகைக்கரை (டல்லாஸ்)

ஐயா, அதே சம்பவம் என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. விமானப்படையிடம் நிறுத்திவைத்துச் சோதிக்கும் அதிகாரம் இருந்தது. அதனால் சில வாரங்களில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பொதுமக்கள் பக்கம் அப்படி ஒருவரும் இல்லாததால், துப்பாக்கியில் குறையா, சுட்டவரின் பிழையா என்பதை ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஜூரி தனித்தனியாக முடிவு செய்கிறது. 2024 ஜூனில் ஜார்ஜியாவில் பி320 வழக்கு ஒன்றில் 23.5 லட்சம் டாலர் இழப்பீடு என்று தீர்ப்பு வந்தது. வேறு சில வழக்குகளில் நிறுவனம் வென்றிருக்கிறது. நடுநிலையாகச் சோதித்துச் சொல்ல ஆள் இருந்திருந்தால், குற்றமற்ற நிறுவனத்துக்கும் அது நன்மைதானே?

தென்காசிக்காரன் (ஒஹையோ)

சட்டம் வரும்போது வரட்டும், இப்போதைக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சிக்கிய உறையை எடுக்கும் அவசரத்தில் குழலின் முனை பக்கவாட்டில் திரும்புவதைப் போட்டிகளில் நிறையப் பார்க்கிறேன். முனை இலக்கை நோக்கியே இருக்க வேண்டும், விரல் டிரிகருக்கு வெளியே. சொடுக்கு மட்டும் கேட்டு வெடிக்கவில்லை என்றால், முப்பது வினாடியாவது அப்படியே பிடித்திருந்து பிறகு திறங்கள். வழக்கமான ஓசைக்குப் பதில் மெல்லிய பொட் என்ற ஒலி வந்தால் அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. ஈயக்குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்தது குழலையே பிளந்துவிடும். வைகைக்கரை, கொக்கி மாறும் வரை அந்தத் துப்பாக்கியைத் தற்காப்புக்கு நம்பாதீர்கள்.

பனிமலை (கலிஃபோர்னியா)

நான் இரும்புப்பட்டறையின் பக்கம், ஆனால் என் காரணம் வேறு. கலிஃபோர்னியாவில் வாழ்கிறேன். இங்கே எங்களுக்கு அந்த அதிகாரி ஏற்கெனவே இருக்கிறார். தொடக்கத்தில் கேட்டது நியாயமான சோதனைதான்: 600 தோட்டா சுட்டால் ஆறு கோளாறுக்கு மேல் வரக்கூடாது, ஒரு மீட்டருக்குச் சற்று மேலிருந்து கான்கிரீட் தளத்தில் போட்டால் வெடிக்கக்கூடாது. பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டினார்கள். 2013இல், சுடும்போது உறையில் நுண்ணிய அடையாளம் பதிய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதை நிறைவேற்றும் துப்பாக்கியை எந்த நிறுவனமும் செய்யவில்லை. அதற்குப் பின் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் புதிய வகை செமி ஆட்டோமேட்டிக் கைத்துப்பாக்கி எதுவும் மாநிலத்தில் விற்க அனுமதிக்கும் பட்டியலில் ஏறவில்லை. புதிய, இன்னும் பாதுகாப்பான வடிவங்கள் வெளியே விற்க, நாங்கள் பழைய வடிவங்களை வாங்கினோம். பாதுகாப்பின் பெயரால் கொடுத்த அதிகாரம் தடையின் பக்கம் நகர்வதைக் கண்ணால் பார்த்தவன் நான். மீண்டும் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

சட்டவாசகி (நியூ ஜெர்சி)

பனிமலை, உங்கள் அச்சம் வீணானதல்ல. அந்த நுண் அடையாள விதியை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் எந்தத் துப்பாக்கி விற்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்வது ஒன்று. விற்ற பிறகு குறை தெரிந்தால் வாங்கியவருக்குச் சொல், சரிசெய் என்பது வேறு. காருக்கு 1966 முதல் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. குறை தெரிந்தால் பதிவு செய்த உரிமையாளருக்கு நிறுவனம் கடிதம் அனுப்ப வேண்டும். அதனால் யாருடைய காரும் பறிபோகவில்லை.

சட்டம் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு டாரஸ் என்ற துப்பாக்கி நிறுவனத்தின் மீதான வழக்கு போதும். அதன் துப்பாக்கிகள் கீழே விழுந்தால் வெடிக்கின்றன, பாதுகாப்பு விசை வேலை செய்வதில்லை என்று அயோவாவைச் சேர்ந்த காவலர் ஒருவர் 2013இல் வழக்குத் தொடுத்தார். ஒன்பது வகைகள், சுமார் பத்து லட்சம் துப்பாக்கிகள். நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே சமரசத்துக்கு வந்தது. நீதிமன்றம் அதற்கு இறுதி ஒப்புதல் தர 2016 ஆகிவிட்டது. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தவருக்கு அதிகபட்சம் 200 டாலர். வழக்கு நடந்த அத்தனை காலமும் அந்தத் துப்பாக்கிகள் வீடுகளில்தான் இருந்தன. நற்பெயரும் வழக்கு அச்சமும் போதும் என்ற வாதத்துக்கு இதற்கு மேல் என்ன பதில் சொல்வது?

பனிமலை (கலிஃபோர்னியா)

பதிவு செய்த உரிமையாளர் என்கிறீர்களே, துப்பாக்கிக்கு நாடு தழுவிய பதிவேடு கிடையாது. 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமே அதைத் தடுக்கிறது. காருக்கான ஏற்பாட்டைக் கொண்டுவர வேண்டுமென்றால் முதலில் பதிவேடு வேண்டும். அங்கேதான் எங்களைப் போன்றோர் எழுந்து நிற்கிறோம்.

இரும்புப்பட்டறை (அரிசோனா)

பனிமலை சொல்வது சரி, ஆனால் பதிவேடு இல்லாமலும் வழி உண்டு. எந்த வரிசை எண்ணில் என்ன குறை, என்ன மாற்றினோம் என்று நிறுவனம் பொதுவில் வெளியிட வேண்டும், கடைக்காரர்கள் ஒட்டி வைக்க வேண்டும் என்று ஒரு கடமையைக் கொண்டுவந்தால் நான் கையெழுத்துப் போடுவேன். திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்துக்குப் போட மாட்டேன். அந்த இடத்தில் சகோதரியும் நானும் ஒத்துப்போக வாய்ப்பில்லை.

வைகைக்கரை, மறுபடி அனுப்பும்போது வெறும் புகாராக அனுப்பாதீர்கள். கொக்கியை நெருக்கத்தில் படமெடுங்கள். தோட்டாப் பெட்டியின் தொகுதி எண், சிக்கிய உறைகளின் விளிம்பில் உள்ள கீறல், எல்லாம் படத்தில் இருக்கட்டும். எக்ஸ்ட்ராக்டரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மாற்றிய பாகத்தின் பட்டியலையும் எழுத்தில் கேளுங்கள். சரிசெய்ய முடியவில்லை என்றால் அதே வகையில் மாற்றுத் துப்பாக்கி கேட்கலாம். தயாரிப்பாளர் அதை நேராக உங்கள் வீட்டுக்கே அனுப்பக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது.

வைகைக்கரை (டல்லாஸ்)

படங்கள் எடுத்தாயிற்று, கடிதம் நாளை போகிறது. அவர்கள் புதிய கொக்கியைப் போட்டுக் கொடுத்தாலும் என் கேள்வி தீராது ஐயா. அதே சூளையில் அதே நாளில் வெந்த கொக்கிகள் வேறு எத்தனை துப்பாக்கிகளில் இருக்கின்றன என்பதை அவர்களால் மட்டுமே எண்ணிச் சொல்ல முடியும். அந்த எண்ணிக்கையையும் வரிசை எண்களையும் கடிதத்தில் கேட்டிருக்கிறேன். பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இன்று இல்லை. நான் வேண்டும் என்று கேட்பது அந்தக் கடமையைத்தான்.