புதுப்பிப்பு: சுவருக்குப் போன பைக் படம்

பைக் பயணப் படங்களில் எதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு சிங்கப்பூரில் உள்ள என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் மாட்டலாம் என்று கேட்டிருந்தேனே, பாதிப் பேர் மலேசியாவின் மெர்சிங் கடற்கரைக்குத்தான் ஓட்டுப் போட்டீர்கள். ஆனால் ஜெயித்தது கிரிக்–ஜெலி நெடுஞ்சாலை. 1982இல் திறந்த சாலை. தித்திவாங்சா மலைத்தொடரைக் குறுக்கே கடந்து மலேசிய மாநிலங்களான பேராக்கையும் கிளந்தானையும் இணைக்கிறது. படம், விடிந்த கையோடு அந்தச் சாலையில் வரும் தெமெங்கோர் ஏரிப் பாலத்தில் எடுத்தது. பாதிப் பாலம் பனிமூட்டத்துக்குள், ஓரத்தில் என் பைக்கின் சைடு பாக்ஸ் மட்டும் பளிச்சென்று. யானை எச்சரிக்கைப் பலகையோடு எடுத்திருக்கலாமே என்று ஒரு தம்பி கேட்டார். ஆளில்லாத காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி போஸ் கொடுக்க எனக்குத் தைரியம் கிடையாது, தம்பி! சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் பாலத்தில், மழைக்கோட்டு போட்ட பைக்காரர்கள் கூட்டத்தோடு நான் நிற்கும் படம் சமையலறைக்கு. வீட்டம்மா ஒதுக்கிய இடம் அதுதான்.